முள்ளை நீங்களே நகர்த்துங்கள்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நான் கார் வயரிங் வேலை பார்க்கிறவன். திருவானைக்காவல் பக்கம் சின்னக் கடை. உங்களில் சிலருக்கு என் முகம் பழக்கம். ஜீரோத் ரிவ்யூ நெருங்குகிற சமயத்தில் இரண்டு பைக்கில் நாலு பேராக வந்து நிற்பீர்கள். "அண்ணா, பழைய கார் மீட்டர் ஏதாவது இருக்கா? ப்ராஜெக்டுக்கு வேணும்" என்பீர்கள். தூசி தட்டி எடுத்துக் கொடுப்பேன். அடுத்த கேள்வி வரும்: "இதை ஆர்டுயினோ போட்டு ஓட வெச்சுக் குடுக்க ஆள் யாராச்சும் இருக்காங்களா? எவ்வளவு ஆகும்?"

எவ்வளவு ஆகும் என்று கேட்கிறீர்கள். எப்படி ஓடும் என்று கேட்பதில்லை. என் மனக்குறை அதுதான். ஊரில் நாலு பேரிடம் சொல்லிப் புலம்புவதைவிட உங்களிடமே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

ப்ராஜெக்ட் செய்து விற்கும் கடைகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைப்புப் பட்டியல் கொடுப்பார்கள், பிடித்ததை டிக் செய்ய வேண்டும். முன்பணம் கட்டினால் பெட்டி, ரிப்போர்ட், பிபிடி மூன்றும் வரும். வைவாவுக்கு முந்தின நாள் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பாடமும் எடுப்பார்கள். மது வாடையைக் கண்டுபிடிக்கும் ஹெல்மெட் எத்தனை கல்லூரியில் எத்தனை வருஷமாக மேடை ஏறிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கைடுக்கும் தெரியும், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலுக்கும் தெரியும். தெரியாதவர் உங்கள் அப்பா ஒருவர்தான். அவர் கல்விக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. லேப் சாயங்காலம் பூட்டிவிடுகிறார்கள். அரியர் கழுத்தை நெரிக்கிறது. பிளேஸ்மென்ட் இன்டர்வியூவும் அதே மாதத்தில்தான். ஏழு செமஸ்டர் ஒரு வயரைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்துவிட்டு எட்டாவது செமஸ்டரில் கண்டுபிடி என்றால் யாருக்குத்தான் கை ஓடும்? ஆனால் அந்த நாலைந்து மாதம்தான் உங்கள் படிப்பிலேயே நீங்களாக ஒன்றைக் குடைந்து பார்க்க அனுமதி உள்ள காலம். அதையும் காசு கொடுத்துக் கழித்துவிட்டால் பிறகு அந்த வாய்ப்பு எளிதில் வராது. வேலைக்குப் போன இடத்தில் டெட்லைன் இருக்கும். குடைந்து பார்க்க நேரம் இருக்காது.

கார் மீட்டரை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. அது பூசி மெழுக விடாது. எல்சிடி திரையில் 'வெப்பநிலை 36' என்று எழுதிக் காட்ட சென்சாரே தேவையில்லை, ஒரு வரி போதும். மீட்டரில் அந்தக் கதை நடக்காது. முள்ளுக்கு வேண்டிய மின்சாரத்தை வேண்டிய விதத்தில் கொடுத்தால் நகரும். இல்லாவிட்டால் சும்மா கிடக்கும்.

முதலில் பழைய ரக மீட்டர். வேகத்துக்கு ஒரு வயர், ஆர்பிஎம்முக்கு ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று, ஒவ்வொரு எச்சரிக்கை விளக்குக்கும் ஒன்று என்று தனித்தனியாக வரும். எரிபொருள் முள் டேங்கில் உள்ள மிதவையின் ரெசிஸ்டன்ஸைப் பார்த்து நகரும். ஆர்பிஎம் முள் துடிப்பை எண்ணும். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஸ்பார்க் விழுகிறது. அப்படியானால் 3000 ஆர்பிஎம்முக்கு நொடிக்கு 100 துடிப்பு. ஆர்பிஎம்மை 30ஆல் வகுத்தால் துடிப்புக் கணக்கு வந்துவிடும். ஆர்டுயினோ தருவது 5 வோல்ட், மீட்டர் எதிர்பார்ப்பது 12 வோல்ட் துடிப்பு. நடுவில் ஒரு பிசி 547 டிரான்சிஸ்டரும் ரெண்டு ரெசிஸ்டரும் போட்டால் வேலை முடிந்தது.

முடிந்ததா? கடையில் வாங்கிய புரோகிராமில் பெரும்பாலும் 'டோன்' என்ற கட்டளைதான் இருக்கும். 3000 போட்டால் முள் 3000இல் நிற்கும், 6000 போட்டால் 6000. எல்லாரும் கை தட்டுவார்கள். வைவாவில் யாராவது ஒருவர், "எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கிற மாதிரி 800இல் நிறுத்துங்க" என்றால் போச்சு. 800ஐ 30ஆல் வகுத்தால் நொடிக்கு 26.7 துடிப்பு. ஆர்டுயினோ ஊனோவில் 'டோன்' 31க்குக் கீழே இறங்காது. அதாவது சுமார் 930 ஆர்பிஎம்முக்குக் கீழே உங்கள் எஞ்சினுக்கு ஐட்லிங்கே கிடையாது! ஏன் என்று வாங்கியவருக்குத் தெரியாது. தானே செய்தவர் இந்த முட்டுச்சுவரில் மோதியிருப்பார், டைமர் என்றால் என்ன என்று அங்கேதான் கற்றிருப்பார், 'டோன்' கட்டளையைத் தூக்கிப் போட்டுவிட்டு 18,750 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை பின்னை மேலும் கீழும் மாற்றி 800இல் முள்ளை நிறுத்தியிருப்பார். அந்த 18,750 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தாளும் பேனாவும் இல்லாமல் சொல்வார்.

அடுத்து இன்றைய கார்கள். மீட்டரின் பின்னால் வயர் கும்பலைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பேட்டரி, இக்னிஷன், எர்த், இவை போக முக்கியமாக முறுக்கிய இரண்டு வயர். அதுதான் கேன் பஸ். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் மாநாட்டில் வெளியிட்ட முறை. எஞ்சின், பிரேக், ஏர்பேக், மீட்டர் எல்லாம் அந்த இரண்டு வயரில்தான் பேசிக்கொள்கின்றன. அனுப்புகிறவர் பெயரோ பெறுகிறவர் பெயரோ அதில் கிடையாது. 'இது இந்த விஷயம்' என்று ஓர் எண், அதன் பின்னால் அதிகபட்சம் எட்டு பைட் தகவல், அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் சின்ன எண் உள்ளவருக்கு வழிவிட்டுப் பெரிய எண் உள்ளவர் தானே ஒதுங்கிக்கொள்வார். நம் பஸ்களில் ஏறும்போது இந்த ஒழுங்கைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஊனோவுக்கு இந்த மொழி தெரியாது. எம்சிபி 2515 சில்லு வைத்த சின்ன போர்டு ஒன்றை வாங்கி இணைக்க வேண்டும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த போர்டில் வெள்ளி நிறத்தில் ஒரு கிரிஸ்டல் இருக்கும். பெரும்பாலும் அதன் தலையில் 8.000 என்று பொறித்திருக்கும். லைப்ரரியில் 16 மெகாஹெர்ட்ஸ் என்று விட்டுவிட்டால், நொடிக்கு 500 கிலோபிட் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 250ஆகப் போகும். மீட்டர் வாயே திறக்காது. வயரை மாற்றுவீர்கள், போர்டை மாற்றுவீர்கள், மீட்டரே போச்சு என்று என்னிடம் திரும்பக் கொண்டுவருவீர்கள். கிரிஸ்டலின் தலையை ஒருமுறை படித்திருந்தால் போதும்.

லேப்டாப்பைத் திறக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். கரண்ட் கொடுக்காமல் அந்த இரண்டு வயருக்கு நடுவே அளந்து பாருங்கள். சரியாக அமைந்த பஸ்ஸில் இரு முனையிலும் 120 ஓம் இருக்கும், சேர்த்து அளந்தால் 60 காட்டும். தனியாகக் கழற்றிய மீட்டரில் 120 காட்டினால் ஒரு முனை அதற்குள்ளேயே இருக்கிறது, மறுமுனையை நீங்கள் வைக்க வேண்டும். கிலோ ஓம் கணக்கில் காட்டினால் இரண்டையும் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

ஒரு தகவலை ஒருமுறை அனுப்பினால் முள் எழும்பி மறுபடி விழுந்துவிடும். எஞ்சின் சில மில்லி விநாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மீட்டர் எதிர்பார்க்கிறது. நின்றால் எஞ்சின் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். சில தகவல்களில் ஓடும் எண்ணும் செக்சமும் உண்டு. அது தப்பினால் ஏபிஎஸ் விளக்கு அணையவே அணையாது. ஏன் அணையவில்லை என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடினால், கார் தன் பிரேக்கை எப்படிக் கண்காணிக்கிறது என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். எந்தப் புத்தகமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லித் தராது.

முள்ளுக்கு அடியிலும் பாருங்கள். சாவி போட்டதும் முள் எல்லாம் ஒரு சுற்றுப் போய் வருகிறதே, அதில் மேலே போவது பந்தா. கீழே இறங்கிச் சுவரில் முட்டுவது அவசியம். அந்தக் குட்டி ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. முட்டினால்தான் பூஜ்யம் எது என்று புரியும். அங்கிருந்து ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டே போகும். எக்ஸ் 27 வகை மோட்டார் 315 பாகை வரை சுற்றும், அடிக்கு மூன்றில் ஒரு பாகை.

இதெல்லாம் புதுசா, உலகமே செய்துவிட்டதே, கைடு தலைப்பை ஒத்துக்கொள்வாரா என்று கேட்பீர்கள். ஐரோப்பியக் கார் மீட்டர்களைப் பற்றி வெளிநாட்டு ஆர்வலர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ரேஸ் விளையாடும்போது நிஜ மீட்டர் எதிரில் ஓட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு. நம் தெருவில் ஓடும் கார்களின் மீட்டரை இப்படிப் பிரித்துப் பார்த்துத் தமிழில் எழுதிவைத்ததை நான் பார்த்ததில்லை. எந்த எண்ணில் வேகம் வருகிறது, எந்த பைட்டில் கதவு திறந்திருப்பது தெரிகிறது என்று நீங்கள் ஒரு மீட்டருக்குப் பட்டியல் போட்டாலே அது புதுசுதான். 'ஸ்மார்ட்' என்று தலைப்பில் சேர்த்தால் புதுசு ஆகிவிடாது.

வேலைக்கு ஆகுமா என்றும் கேட்பீர்கள். மீட்டர் செய்கிற தொழில் எங்கோ ஜெர்மனியில் இருப்பதாக நினைக்காதீர்கள். கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் 1975இல் தொடங்கிய பிரிக்கால் நிறுவனத்துக்கு இதுதான் பிழைப்பு. சென்னையைச் சுற்றிக் கார் தொழிற்சாலைகளும் அவற்றுக்கான எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனங்களும் வரிசையாக இருக்கின்றன. 'கேன் தெரியுமா' என்று அங்கே கேட்கும்போது, 'சிலபஸில் இருந்தது' என்று சொல்கிறவரும் 'கிரிஸ்டல் மாறிப்போய் முழித்தேன் சார்' என்று சொல்கிறவரும் ஒன்றாக மாட்டார்கள்.

பழைய இயந்திரத்தைப் பிரித்துப் படிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. 2011இல் அதே வகையில் எண்ணெயில் எரியும் புது எஞ்சினை நம் திருச்சிப் பொன்மலை ரயில் பணிமனை தானே கட்டி அனுப்பியது. உங்களில் பலருடைய அப்பாவோ தாத்தாவோ அந்தப் பணிமனைக்குச் சங்கு ஊதும்போது சைக்கிள் மிதித்தவர்கள்தான்.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொருவரைச் சொல்ல வேண்டும். சுஜாதா என்று நாம் அறிந்த ரங்கராஜன் உங்கள் ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், பிறகு குரோம்பேட்டை எம்ஐடியில் எலெக்ட்ரானிக்ஸ். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு வகித்தவர். தனக்குத் தெரிந்ததை அலுவலகக் கோப்போடு அவர் விட்டுவிடவில்லை. 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்று தமிழில் நூல் எழுதினார். ஜூனியர் விகடனில் யார் என்ன கேட்டாலும் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று பதில் சொன்னார். அவர் கதைகளில் வரும் தெருக்களைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் பார்த்த வேலையைத் தொடர ஆள் வருவதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டியை விற்கப் போகிறவர் சிலர் கடைக்கு வருவார்கள். "ஒரு லட்சத்து நாப்பது ஓடியிருக்கு, அறுபதாக்கிக் குடுத்துடுங்க" என்பார்கள். நான் செய்வதில்லை. செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் ரெடிமேட் பெட்டி விற்கிறது. மாட்டி, எண்ணைத் தட்டி, பட்டனை அழுத்தினால் முடிந்தது. அழுத்துகிறவருக்கு அந்த எண் எந்த எட்டுக்கால் சில்லில் உட்கார்ந்திருக்கிறது என்றுகூடத் தெரியாது. வாங்குகிறவர் அறுபதாயிரம்தானே என்று டைமிங் பெல்ட்டை மாற்றாமல் ஓட்டுவார். ஒருநாள் நெடுஞ்சாலையில் பெல்ட் அறுந்து, வால்வு பிஸ்டனில் இடித்து, எஞ்சின் மொத்தமாகப் போகும். இப்படி ஏமாற்றி விற்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு சொல்லும் மோசடி.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மீட்டரைப் படித்துவிட்டால் இந்த வேலையும் உங்கள் கைக்கு எட்டும். ஆள் தேடி வருவார்கள், காசும் கொடுப்பார்கள். ஓட்டு எண்ணும் இயந்திரத்தை ஊர் எந்த நம்பிக்கையில் ஏற்கிறதோ, கிலோமீட்டரை எண்ணும் இயந்திரத்தையும் அதே நம்பிக்கையில்தான் ஏற்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் நேர்மையாக இருப்பார் என்ற நம்பிக்கை அது. தெரிந்துகொள்ளாமலே ப்ராஜெக்டை வாங்குவதும், தெரிந்துகொண்டு எண்ணைக் குறைப்பதும் அந்த நம்பிக்கையைத்தான் கெடுக்கின்றன.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

இந்த வருஷம் ஒரு குழுவாவது, ஒரு கல்லூரிக்கு ஒரு குழுவாவது, பெட்டி வாங்காமல் ஒரு மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காயலான் கடையில் கிடைக்கும். வேலையை மேஜையில் செய்யுங்கள், ஓடுகிற காரில் கை வைக்காதீர்கள். உங்கள் ஒரு தவறான தகவல் பிரேக்குக்குப் போகலாம். நிஜக் காரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வண்டியை நிறுத்தி, எம்சிபி 2515இல் கேட்பதற்கு மட்டும் என்று இருக்கும் முறையை வைத்துக் கேளுங்கள். 12 வோல்ட் பாதையில் ஒரு ஃபியூஸ் போடாமல் எதையும் மாட்டாதீர்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். எந்த வயர் எதற்கு, எதை அளந்தீர்கள், எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று தமிழிலேயே எழுதுங்கள். ஓடாததையும் எழுதுங்கள். அடுத்த செட்டுக்கு அதுதான் உபயோகம். போகும்போது அந்த நோட்டை ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர்கள் உங்கள் பெட்டியைத் திரும்பக் காட்டிவிட முடியாது, நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரத்தான் முடியும்.

உங்கள் துறைத் தலைவரிடம் போய் லேபை ராத்திரி எட்டு மணி வரை திறந்துவைக்கக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், வகுப்பாகப் போங்கள். வைவாவில் தலைப்பைவிட நோட்டுக்கு மதிப்பெண் கூட வேண்டும் என்றும் கேளுங்கள். முடியாது என்று சொல்வார்கள். மறுபடி கேளுங்கள்.

கிலோமீட்டரைக் குறைத்துத் தரக் கேட்டு யார் வந்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். அது உங்கள் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் சரி.

என் பங்குக்கு நான் ஒன்று செய்கிறேன். என் கடை அலமாரியில் வேலைக்கு ஆகாத மீட்டர்கள் கிடக்கின்றன. இனி யார் வந்து எவ்வளவு ஆகும் என்று கேட்டாலும் பதில் கிடையாது. வயரின் நிறங்களைக் குறித்த ஒரு பக்கமாவது எழுதிய நோட்டோடு வருகிறவருக்கு மீட்டர் சும்மா. மல்டிமீட்டர் இல்லையென்றால் என்னுடையதைக் கடையிலேயே உட்கார்ந்து பயன்படுத்திக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. அப்போது வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
திருவானைக்காவல்